உதுவன்கந்தைச் சரதியேல்: ஒரு கள்வனும் பல முகங்களும்

கேகாலைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே, மாவனல்லைக்கு அண்மையில், கொழும்பு கண்டிப் பெருந்தெருவைப் பார்த்தபடி ஒரு கற்குன்று நிற்கின்றது. உதுவன்கந்தை என்பது அதன் பெயர். அவ்வழியே செல்லும் பேருந்துகளில் அறியாதார்க்கு அறிந்தோர் அக்குன்றைச் சுட்டிக் காட்டுதல் வழக்கம். காட்டுவோர் அதன் உயரத்தையோ வளத்தையோ கூறுவதில்லை. 1864 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் நாள் கண்டியிலே தூக்கிலிடப்பட்ட ஒருவனின் பெயரையே கூறுகின்றனர். சிங்களத்தில் ‘சூர சரதியேல்’ என அடைமொழி சேர்த்தும், ஆங்கிலத்தில் ‘இலங்கையின் ரொபின் ஹூட்’ என உவமை சேர்த்தும் வழங்கப்படும் அவன், அன்றைய அரசாங்கத்தின் ஏடுகளில் வழிப்பறிக்காரன், கொலைக் குற்றவாளி.

குற்றக் கதைகளையும் மர்மக் கதைகளையும் விரும்பிப் படிப்போர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. அவர்களுட் பெரும்பாலார் வெறுந் தீயவன் ஒருவனைக் கண்டு நிறைவு கொள்வதில்லை. நல்லவனும் தீயவனும் ஒரே உடலில் குடியிருக்கும் பாத்திரமே அவர்களைப் பிணிக்கின்றது. இத்தகைய சிக்கலான பாத்திரங்கள் கதாசிரியனின் கற்பனையிலே பிறப்பன என்பது பொதுவான எண்ணம். உதுவன்கந்தைக் கதையோ வேறொன்றைப் புலப்படுத்துகின்றது. கள்வன் ஒருவனுக்குப் பல முகங்கள் வாய்ப்பது அவன் உள்ளத்தின் விந்தையால் மாத்திரம் அன்று. அவன் கதையைச் சொல்வோர் பலராய் இருத்தலாலும் ஆகும். எந்த முகம் எவருடைய தேவைக்காக வரையப்பட்டது என்று பார்த்தாலன்றி அம்மனிதனை அறிதல் இயலாது.

இவ்வுண்மையைத் தமிழ் இலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை நீதி தவறிய கதையாகவே யாவரும் படிக்கின்றனர். அதனைக் குற்றக் கதையாகவும் படித்தல் தகும். கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் அரசனின் நம்பிக்கைக்குரியவன், நகரத்தில் மதிப்புடையவன். சிலம்பு விற்க வந்த கோவலனைக் கண்டதும் தன் குற்றத்தை அவன்மேல் ஏற்றிவிட முடிவு செய்கின்றான். காவலாளர் கோவலனைப் பார்த்து, இவன் தோற்றம் கள்வனுடையது அன்று என ஐயுறுகின்றனர். அவ்வையத்தை நீக்கப் பொற்கொல்லன் கையாளும் கருவி யாது? கதை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டும் கள்வர்க்குத் துணையாவன என்று களவு நூலையே விரித்துரைக்கின்றான். பின்னர், பகலிலே தூதர் கோலத்தில் அரண்மனை வாயிலில் நின்று, இரவிலே பெண் கோலத்தில் உட்புகுந்து, உறங்கிய இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்த ஒருவனைப் பற்றிச் சொல்கின்றான். விழித்தெழுந்த இளவரசன் வாளை உருவியபோது அக்கள்வன் மணித்தூண் ஒன்றைத் தானெனக் காட்டி மறைந்தானாம். பல கோலங் கொள்ளும் கள்வனைப் பற்றிய இக்கதையைச் சொல்பவனே பல கோலங் கொண்ட கள்வன் என்பதுதான் இளங்கோவடிகள் வைத்த நுட்பம். கேட்டிருந்த கல்லாக் காவலன் ஒருவன் கதையை நம்பினான், வாளை வீசினான். கள்வன் கதை கேட்குமிடத்துச் சொல்பவனின் முகத்தையும் பார்த்தல் வேண்டும் என்பதை இதனினும் நன்றாக எந்நாட்டு மர்மக் கதையும் காட்டியதாகச் சொல்லுதல் அரிது.

மேனாட்டு எழுத்தாளர் இப்பொருளை அறிவியலின் துணைகொண்டு வேறு திசையில் வளர்த்தனர். எடின்பரோ நகரில் வில்லியம் புரோடி என்பவன் பகலில் மரவேலைக் கைவினைஞர் சங்கத் தலைவனாகவும் நகர சபை உறுப்பினனாகவும் இருந்து, இரவில் தன் வாடிக்கையாளர் வீடுகளிலேயே களவு செய்து, 1788 இல் தூக்கிலிடப்பட்டான். அவன் செய்த பேழை ஒன்று பின்னாளில் றொபேட் லூயி ஸ்ரீவன்சனின் வீட்டில் இருந்தது. புரோடியைப் பற்றி நாடகமும் எழுதிய ஸ்ரீவன்சனே 1886 இல் டாக்டர் ஜெக்கில், ஹைட் என்னும் இரட்டை மனிதனைப் படைத்தார். அதற்கு முன்னரே, 1868 இல், வில்கி கொலின்ஸ் எழுதிய ‘சந்திரகாந்தக் கல்’ என்னும் நாவலில், மயக்க மருந்தின் வயப்பட்ட ஒருவன் தானறியாமலே ஓர் இரத்தினத்தை எடுத்துவிட்டு, அதனை எடுத்தவன் யாவன் எனத் தானே தேடி அலைகின்றான். அவ்விரத்தினம் 1799 இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளையிடப்பட்டது என்பது கதையின் தொடக்கம். ஆங்கிலேய வாசகர்க்கு அது வெறுந் தொடக்கம். தென்னாட்டார்க்கு அதுவே முதற் குற்றம். ஒருவருக்குள் பலர் வாழும் நிலைக்கு மருத்துவர் பின்னர் பெயரும் இலக்கணமும் வகுத்தனர். தமிழ்த் திரையுலகம் 2005 இல் ‘அந்நியன்’ வரை அதனைப் பயன்படுத்திக் கொண்டது. இவையெல்லாம் ஓர் ஆசிரியன் ஒரு மனிதனை இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து காட்டும் கதைகள். சரதியேலின் கதைக்கோ ஆசிரியன் என ஒருவன் இல்லை.

அவன் வாழ்க்கையைப் பற்றி உறுதியாகச் சொல்லக் கூடியவை சிலவே. திக்கிரிகேவகே சரதியேல் என்பது முழுப்பெயர். 1832 ஆம் ஆண்டு, மேற்குக் கரையோரத்தில் சிலாபத்தை அடுத்த அல்தண்டுவனை என்னும் ஊரில் பிறந்தவன். தந்தை புகையிலை வணிகத்தோடும் வண்டியோடும் தொடர்புடையவர். குடும்பம் பின்னர் உதுவன்கந்தைப் பக்கம் வந்து தங்கியது. பௌத்த விகாரைப் பள்ளியில் சில காலம் எழுத்தறிவு பெற்ற சரதியேல், இளமையிலேயே கொழும்புக்குச் சென்று படையினரின் பாசறையில் ஏவலாளனாக இருந்தான் என்றும், களவிலும் துப்பாக்கியிலும் பழக்கம் பெற்றது அங்கேதான் என்றும் கூறுவர். கரையோரத்தில் பிறந்து, கண்டி நாட்டில் வளர்ந்து, வெள்ளைச் சிப்பாய்களிடையே பயின்றவன் அவன். இம்மூன்றுள் எதற்கும் முழுவதும் உரியவனாய் அவன் இருந்ததில்லை. அவனைச் சதர கோறளையின் மண்ணின் மைந்தனாகப் பாடுவோர் இதனை விரைந்து கடந்து விடுகின்றனர்.

அவன் பிறந்த 1832 ஆம் ஆண்டு அத்தெருவுக்கும் முக்கியமான ஆண்டாக அமைந்தது தற்செயலே எனினும் கருதத்தக்கது. கொழும்பு கண்டிப் பெருந்தெரு ஆள்பதி பார்ன்ஸ் காலத்தில், 1820 அளவில், தொடங்கப்பட்டது. கண்டியரசை அடக்கி வைக்கப் படை செல்லும் வழி வேண்டும் என்பதே முதல் நோக்கம். கல்லுடைத்தவர்களும் மண் சுமந்தவர்களும் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்திற்கு இழுக்கப்பட்ட ஊரவரே. அக்கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டதும், கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை வண்டித் தபால் ஓடத் தொடங்கியதும் அதே 1832 இல் ஆகும். பின்னர்க் கோப்பி வந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தால், உரிமைப் பத்திரம் காட்டப்படாத காடும் சேனையும் முடிக்குரியவை ஆயின. அவை தோட்டங்களுக்கு விலைபோயின. மலையிலிருந்து கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளிற் கீழே இறங்கின. தென்னிந்தியாவிலிருந்து வந்த அரிசியும், தோட்டச் சம்பளத்திற்கான பணமும், கடைச் சரக்கும் மேலே ஏறின. கூடார வண்டிகள் நிரை நிரையாக மகா ஓயாவைக் கடந்து கடுகண்ணாவைக் கணவாயை நோக்கி ஊர்ந்தன. ஏற்றத்தில் மாடு களைக்கும். வண்டிக்காரன் இறங்கி நடப்பான். இருள் விரைவில் கவியும்.

நாட்டின் செல்வத்திற் பெரும்பகுதி ஒரே ஒரு தெருவில், காவலின்றி, நடை வேகத்திற் சென்றுகொண்டிருந்தது என்பதை நினைத்தால், சரதியேல் ஏன் தோன்றினான் என்னும் வினாவைக் காட்டிலும் ஏன் ஒரு சரதியேல் மாத்திரம் தோன்றினான் என்னும் வினாவே பொருத்தமாகப் படும். தெருவை வெட்டிய ஊர்களுக்கு அத்தெருவினாற் கிடைத்தது மிகக் குறைவு. 1848 இல் வந்த தெருவரிச் சட்டம், வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டில் 6 நாள் தெருவேலை செய்ய வேண்டும் அல்லது 3 சிலிங் கட்ட வேண்டும் என விதித்தது. இராஜகாரியம் வேறு பெயரில் திரும்பி வந்ததாகவே ஊரவர் அதனைக் கொண்டனர். உதுவன்கந்தையின் உச்சியிலிருந்து பார்ப்பவனுக்கு எந்த வண்டி எப்பொழுது வருகின்றது என்பது நன்கு தெரியும். அவ்வாறு பார்ப்பவனை ஊரவர் காட்டிக் கொடாமைக்கும் காரணம் இருந்தது.

சரதியேலின் கூட்டத்தில் மம்மலி மரிக்கார், சமத், பாவா, சிரிமலை முதலானோர் பெயர்கள் பேசப்படுகின்றன. கொள்ளையும் கொலையும் நிகழ்ந்தன என்பதில் ஐயமில்லை. அவன் பிடிபட்டதும் உண்டு; கொழும்புப் புதுக்கடையில் காவலிலிருந்து தப்பினான் என்றும் சொல்வர். அரசாங்கம் அவன் தலைக்குப் பரிசு அறிவித்தது. அத்தொகையை உயர்த்தவும் நேர்ந்தது. 1864 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21 ஆம் நாள், அவனும் மரிக்காரும் மாவனல்லையில் ஒரு வீட்டில் தங்கியிருப்பதாக உளவு கிடைத்துப் பொலிசார் வீட்டைச் சூழ்ந்தனர். உள்ளிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டில் சபான் என்னும் மலாய்க் காவலர் இறந்தார். கேகாலை உதவி அரசாங்க அதிபர் சோண்டர்ஸ் மேலும் படையினருடன் வந்த பின்னரே இருவரும் சரணடைந்தனர். கண்டியில் விசாரணை நிகழ்ந்தது. ஒன்றரை மாதத்தில் எல்லாம் முடிந்தது.

இனி, ‘எளியோர்க்கு ஈந்தான்’ என்னும் பகுதிக்கு வருவோம். சரதியேலின் மக்கள் முகத்திற்கு இதுவே உயிர். செல்வரிடமிருந்து எடுத்ததை ஏழைகளுக்குக் கொடுத்தான் என்று ஊர்தோறும் சொல்லப்படுகின்றது. அவன் ஈந்ததை எழுதி வைக்க அந்நாளில் எந்த எழுதுவினைஞனும் அமர்த்தப்படவில்லை. அவன் எடுத்ததையே எழுதினர். ஆகவே ஏடுகளின் மௌனத்தை மாத்திரம் கொண்டு ஈகையை மறுத்தல் முறையன்று. ஆயினும் ஊர்க் கதையை அப்படியே ஏற்றலும் முறையன்று. தலைக்கு விலை வைக்கப்பட்ட ஒருவன் ஒரே வட்டாரத்தில் ஆண்டுக்கணக்காய் நடமாட வேண்டுமானால், ஊரவரின் வாய் மூடியிருத்தல் வேண்டும். வாயை மூடுவன இரண்டு: நன்றியும் அச்சமும். ஒரே வீட்டில் அரிசி வாங்கியவளிடம் நன்றியும், துப்பாக்கியைக் கண்டவனிடம் அச்சமும் இருந்திருத்தல் கூடும். பிற்காலக் கதை நன்றியை வைத்துக்கொண்டு அச்சத்தை விட்டுவிட்டது. அரசாங்க ஏடு அச்சத்தை வைத்துக்கொண்டு நன்றியை விட்டுவிட்டது.

வரலாற்றறிஞர் எரிக் ஹொப்ஸ்போம் 1969 இல் வெளியிட்ட நூலில், உலகெங்கும் உழவர் சமுதாயங்கள் இத்தகைய கள்வர்களைத் தம் நீதியின் சார்பாளராகக் கொண்டாடியதை எடுத்துக் காட்டினார். அன்ரன் புளொக் 1972 இல் அதனை மறுத்து, இக்கள்வர் பெரும்பாலும் எளியோரையே வருத்தினர், வலியோரின் துணையோடே வாழ்ந்தனர் என வாதிட்டார். இருவரும் தம் தம் அளவில் உண்மையே கூறினர் எனலாம். ஹொப்ஸ்போம் கேட்பவரைப் பார்த்தார். புளொக் கள்வனைப் பார்த்தார். தமிழகத்தில் 1923 இல் பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்ட செம்புலிங்கத்தின் வரலாறும் இவ்வாறே பிரிகின்றது. அரசுக்கு அவன் கொள்ளைக்காரன். திருநெல்வேலிச் சீமையின் கதைப்பாடல்களுக்கு வீரன். டோனாவூரில் தொண்டாற்றிய ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் நூலிலோ மனந்திரும்பிய ஆன்மா. ஒருவன் இறந்ததும் மூவர் அவனை மூன்று திசைகளில் எடுத்துச் சென்றுவிட்டனர்.

சரதியேலுக்கு மிக அண்மையில் நிற்கும் ஒப்பு இலங்கையிலேயே உண்டு. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவனாகிய புரன் அப்பு, மொறட்டுவையிற் பிறந்து மலைநாடு சென்றவன். கிளர்ச்சிக்கு முந்திய ஆண்டில் அரசாங்கம் அவனைத் தேடிப் பரிசு அறிவித்தது கொள்ளைக்காரன் என்றே. 1848 ஆகஸ்ட் 8 ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவன் அரசுக்கெதிராய்ப் படை திரட்டியவன். இன்று அவனைத் தேசிய வீரனாகப் போற்றுகின்றனர். பதினாறு ஆண்டின் பின் அதே கண்டியில் இறந்த சரதியேலுக்குக் கதைகளிற் கிடைத்த இடம் அப்பட்டியலிற் கிடைக்கவில்லை. இருவரும் கரையோரத்தார், இருவருக்கும் மலைநாட்டாரின் ஆதரவு, இருவர் தலைக்கும் விலை. வேறுபாடு அவர்தம் குணத்தில் அன்று. ஒருவனுக்கு ஒரு கிளர்ச்சி வாய்த்தது, மற்றவனுக்கு வாய்க்கவில்லை.

மம்மலி மரிக்காரைப் பற்றிச் சிறிது விரிவாய்க் கூறுதல் வேண்டும். ரொபின் ஹூட் கதையில் துணைவர் துணைவராகவே நின்றுவிடுவதுபோல, மரிக்காரும் தலைவனின் நிழலாகவே சொல்லப்படுகின்றான். அவன் மாவனல்லை முஸ்லிம். சரதியேலின் இளமைத் தோழன். காவலர் சபானைச் சுட்டது மரிக்காரின் துப்பாக்கியே என்பது பெரிதும் வழங்கும் செய்தி. அப்படியாயின், சரதியேலின் பெயரை அழியாமற் செய்த அந்த ஒரு நாளின் கொலைக்கு உரியவன் அவன். ஆனால் கதையிற் புகழும் பழியும் சரதியேலுக்கே சென்றன. மார்ச் 21 அன்று வீட்டின் உள்ளே சிங்களவன் ஒருவனும் முஸ்லிம் ஒருவனும் ஒன்றாய் நின்றனர். வெளியே மலாய் இனத்தவர் ஒருவர் ஆங்கில அரசாங்கத்திற்காய் நின்றார். இனத்தைக் கொண்டு எவரும் எப்பக்கத்தினர் எனப் பிரிக்க இயலாத மாவனல்லை அது. அதே ஊரில் 2001 ஆம் ஆண்டு சிங்கள முஸ்லிம் கலவரம் மூண்டு கடைகள் எரிந்தன. களவிற்கேனும் ஒன்றுபட்டிருந்த இருவரின் கதையை அவ்வூர் வழங்கி வருதல், வேறெந்தக் காரணத்தை விடவும் இக்காரணம் பற்றியே பேணத்தக்கது.

தமிழில் இக்கதையை எழுதப் புகுவோர்க்கு ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு உண்டு. கள்வனை ‘அவன்’ என்பதா, ‘அவர்’ என்பதா? மேலே சரதியேலுக்கும் மரிக்காருக்கும் ‘அவன்’ என்றும், சபானுக்கு ‘அவர்’ என்றும் வந்திருத்தலைக் கவனித்தோர் இருப்பர். புரன் அப்புவை ‘அவன்’ என்றது சிலருக்கு உறுத்தியும் இருக்கும். இலக்கணம் கேட்கும் இச்சிறு விகுதியிலேயே தீர்ப்பு அடங்கிவிடுகின்றது.

சபானின் நிலை தனித்து நோக்கத்தக்கது. அவர் கடமையில் உயிர் நீத்த முதற் காவலராகக் கொள்ளப்படுகின்றார். மார்ச் 21 இலங்கைப் பொலிசாரின் வீரர் நினைவு நாளாக அனுட்டிக்கப்படுகின்றது. இருந்தும் மக்கள் வாயில் அவருக்குக் கதையில்லை. அவர் அஞ்சினாரா, அன்றித் துணிந்து முன் சென்றாரா, அன்று காலை என்ன எண்ணினார் என்று வினவுவாரும் இல்லை. கள்வனுக்குப் பல முகங்களைக் கொடுத்த நாட்டார் மரபு காவலருக்கு ஒரு முகத்தையேனும் கொடுக்கவில்லை; அரசு கொடுத்ததோ சீருடை ஒன்றை மாத்திரம். மர்மக் கதைகளிலும் இக்குறை பொதுவாய்க் காணப்படுவதே. கொன்றவனின் உள்ளத்தைப் பத்து அதிகாரங்களில் ஆராயும் ஆசிரியர், கொல்லப்பட்டவரை முதல் அதிகாரத்தில் கிடத்திவிட்டு அப்பாற் செல்கின்றார்.

சரதியேல் இறந்தபின் அத்தெரு வழிப்பறிக்கு உரிய இடமாய் நெடுங்காலம் இருக்கவில்லை. அதே 1864 ஆம் ஆண்டு டிசம்பர் 27 ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை முதற் புகைவண்டி ஓடியது; 1867 இல் பாதை கண்டியை எட்டியது; கோப்பி மூட்டைகள் வண்டிலிருந்து பெட்டிக்கு மாறின. 1865 இல் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது. 1866 செப்ரம்பர் 3 ஆம் நாள் பம்பாய் மாகாணத்திலிருந்து வந்த காம்பல் பொலிசின் தலைமையை ஏற்றார். அந்நாளையே இலங்கைப் பொலிஸ் தன் தோற்ற நாளாகக் கொள்கின்றது. 1889 இல் கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்து சப்பிரகமுவ மாகாணம் ஆயின. குன்றின் அருகே இப்பொழுது சரதியேலின் பெயரால் சுற்றுலாக் கிராமம் ஒன்று அமைந்து, அவன் காலத்து வீடுகளும் தொழில்களும் உருவச் சிலைகளாய்க் காட்டப்படுகின்றன.

இக்கதை வளர்ந்த காலத்தில் தமிழ் எழுத்து என் செய்துகொண்டிருந்தது என்பதும் சுவையான வினா. சரதியேல் தூக்கிலிடப்பட்ட நாளில், கண்டியிற் பிறந்து அந்நகரின் வழக்கறிஞராய் விளங்கிய சித்திலெவ்வைக்கு வயது 25. அவரே 1885 இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதி ஈழத்துத் தமிழ் நாவலைத் தொடக்கி வைத்தார். பிறந்த வீட்டிலிருந்து களவாடப்பட்ட பிள்ளை ஒருவன் தான் யாரென்று அறியாது வேற்று நாட்டில் வளர்ந்து, பல இடர்களைக் கடந்து, தன் குலத்தைக் கண்டடையும் கதை அது. குற்றமும் மறைந்த பிறப்பும் அதிலும் உண்டு. ஆனால் கதை நிகழ்வது எகிப்திலும் இந்தியாவிலும். கண்டிக்கு 20 கல் தொலைவிலும் இல்லாத மாவனல்லை அவர் நாவலுக்குப் பொருளாகவில்லை. கற்றோர் மறந்த அதனைக் கல்லாதோர் காத்தனர் எனலாம்.

அத்தெருவை அறிந்த தமிழர் வேறொரு கூட்டத்தார். கோப்பிக் காலத்திற் பெரும்பாலோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, மாத்தளை வழியாய் மலையேறினர். வழியிற் பசியாலும் கொள்ளை நோயாலும் இறந்தோர் எத்துணையர் என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் உடன்படவில்லை. எளியோர்க்கு ஈந்த சரதியேல் கதைகளில், அந்நாளில் அம்மலைப்பக்கத்து எளியோருள் எளியராய் இருந்த இம்மக்கள் இடம்பெறக் காணோம். அதற்கு அவனைப் பழித்தலும் பொருந்தாது. தாழ்ந்த கேகாலை மலைகளிலும் இரத்தினபுரியிலும் இறப்பர் பரவித் தமிழ்த் தொழிலாளர் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்குள் அவன் கதையாகி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

அவர்களுடைய கதையில் வரும் இருமுகத்தான் கள்வன் அல்லன், கங்காணி. ஊரிலே உறவு சொல்லி அழைத்து வந்தவன் அவன். வழிச்செலவு கொடுத்தவனும், நோயிற் பார்த்தவனும், திருமணத்திற்கு முன்நின்றவனும் அவனே. கடனை ஏறவிட்டவனும், ‘தலைக்காசு’ வாங்கியவனும், துரையிடம் பெயரைக் கொடுத்தவனும் அவனே. இவ்விரு முகங்களையும் தோட்டத்து நாட்டார் பாடல்கள் நன்கு அறியும். வழிப்பறிக்காரனைப் பற்றியல்ல, கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் பற்றியே அவை முறையிடுகின்றன. ஜெக்கிலையும் ஹைடையும் போல மருந்து குடித்து மாற வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. காலையிற் பெரட்டுக் களத்தில் ஒன்றாயும், மாலையில் லயத்து வாசலில் மற்றொன்றாயும் இருந்தான், இரண்டும் உண்மை. கடன் தீர்ந்தால் விடுவிக்கலாம் என எழுதிய ‘துண்டு’ என்னும் சிறு கடிதம், ஓர் ஆளை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு மாற்றியது. அக்கடனும் உடன் சென்றது.

பொலிஸ் சட்டம் வந்த அதே 1865 ஆம் ஆண்டில், 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டமும் வந்தது. அதன்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் குற்றம். அதற்குச் சிறையும் உண்டு. சரதியேலைப் பிடிப்பதற்கு வேண்டியிருந்த பொலிசும் நீதிமன்றமும் இனி இரவோடிரவாய்ப் பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு வேறு தோட்டத்திற்கு ஓடியவனையும் பிடித்தன. அவன் எவரையும் கொல்லவில்லை. எவர் வண்டியையும் மறிக்கவில்லை. துரையின் ஏட்டில் அவன் ஓடிப்போனவன். கங்காணியின் கணக்கில் திருடன், ஏனெனில் கடனை எடுத்துக்கொண்டு போனான். புதிய தோட்டத்தில் நல்ல கையாள். அவன் மனைவியின் சொல்லில் பிள்ளையைக் காப்பாற்றியவன். ஒரே மனிதனுக்கு ஓர் இரவில் நான்கு பெயர்கள் வாய்த்தன. இம்முறைக்குரிய சிறைத் தண்டனையும் துண்டும் 1921 ஆம் ஆண்டு நீக்கப்பட்டபோது, சரதியேல் இறந்து 57 ஆண்டுகள் கழிந்திருந்தன.